திறக்காத சர்க்கரை ஜாடி

என் அவசரக்குடுக்கைக்கு,

இந்நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள், வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகுதான் உன்னைத் திட்ட எனக்கு நேரம் கிடைக்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய.

மண்பாண்டப் பட்டறையில் நீ செய்து அனுப்பின சர்க்கரை ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது. உடைந்திருந்தால்கூடத் தேவலை, உள்ளே எப்படி இருக்கிறது என்றாவது பார்த்திருக்கலாம். நிறம் அழகுதான், நீ பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன பாவாடையின் நீலம், ஆனால் மூடி ஜாடியோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அப்பா சுத்தியலோடு வந்து ஒரே தட்டு என்றார், நான்தான் பிடுங்கி வைத்தேன். உன் அத்தை அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு அண்ணி, எதுக்கு ஆகும்னு கேட்டாள். போன தடவை கோப்பைகளின் அடியைத் துடைக்காமல் சூளையில் வைத்து, பளபளப்புக்குப் பூசின கிளேஸ் உருகி வழிந்து, எல்லாம் சூளைத் தட்டோடு ஒட்டிப் போச்சு என்று எழுதினாய். இந்தத் தடவை மூடி உட்காரும் விளிம்பைத் துடைக்கவில்லை. அதே தப்பு, இடம்தான் வேறு. ஈர ஸ்பாஞ்சால் ஒரு சுற்று சுற்றுவதற்கு மகாராணிக்குக் கை வலிக்கிறதாக்கும். இன்னொரு தடவை இப்படி ஆனால் பெட்டியைக் கட்டு என்று பட்டறைக்கார அம்மா சொல்லிவிட்டாராம், அதற்கு முன்னால் நானே கிளம்பி வந்துவிடுகிறேன், பொறுமை என் ரத்தத்திலேயே இல்லை என்று எழுதுகிறாய். ரத்தம் யாருடையதடி? உன் வயதில் எனக்கு நீ இடுப்பில் இருந்தாய், ஒரு கையில் உன்னையும் மறு கையில் பரீட்சைப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டுதான் பட்டம் வாங்கினேன், எனக்கு மட்டும் பொறுமை எந்தக் கடையில் கிடைத்தது? மண் பொறுமையைக் கற்றுத் தரும் என்று உங்கள் பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களாமே, மண்ணாங்கட்டி. பொறுமை என்றால் கண்ணை மூடி உட்காருவது இல்லை, சூளையில் அடுக்க எல்லோரும் அவசரப்படுத்தும்போதும் கடைசி மூடியைத் திருப்பித் துடைப்பது, அவ்வளவுதான்.

அடுத்த சூளைக்கு அதைச் செய். நீ திரும்பி வந்தால் கதவைச் சாத்திவிடுவேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன், சோறு போடுவேன், ஆனால் ஒட்டின மூடிக்குப் பயந்து ஓடி வந்தவள் என்று உன் அத்தை சொல்லும்போது மறுத்துப் பேச எனக்கு வாய் இருக்காது. சர்க்கரை இன்னும் பொட்டலத்திலேயே ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கிறது, வேறு டப்பாவில் கொட்ட மனசு வரவில்லை. தினம் டீ போடும்போது அந்த மூடியை ஒரு தடவை திருகிப் பார்க்கிறேன், வராது என்று தெரிந்தும்.

நன்றாக இரு, கண் விழித்து வேலை செய்யாதே, சூளை ஆறுவதற்கு முன் திறக்காதே. மூடி வந்தாலும் வராவிட்டாலும் சீக்கிரம் பதில் போடு.

அம்மா