டேஷ்போர்டைப் பிரித்துப் போட்ட உன் தம்பி

அன்பு மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல உன் தம்பி பெண்டாட்டி எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, எனக்கு மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், பேத்திக்கு இருமல் விட்டதா, காதை மூடாமல் அவளைக் குளிரில் வெளியே விடாதே.

இங்கே நிற்கிற உன் காரை விற்றுவிடுங்கள் என்று போனில் சொன்னாய் அல்லவா, மறுநாளே உன் தம்பி அதன் டேஷ்போர்டைப் பிரித்துவிட்டான். ஏன்டா என்றால் அழகு பண்ணுகிறேன் என்கிறான். ஸ்பீடு மீட்டரும் பெட்ரோல் மீட்டரும் சாப்பாட்டு மேஜையில், கதவின் உள்பக்கம் ஒட்ட வெட்டிய கறுப்பு லெதர் என் கட்டிலில், பசை நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கார் வாங்க வந்தவர் உள்ளே ஒயரெல்லாம் குடல் மாதிரி தொங்குவதைப் பார்த்துவிட்டு, “என்னங்க, காரை விக்கிறீங்களா, கறிக்கடை போட்டிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். இவன் வருத்தப்பட வேண்டுமே, விசிலடித்தான். அப்புறம் மீட்டருக்குப் புது முகம் வெட்டி எண்ணெல்லாம் அவனே ஒட்டினான், ஆனால் முள்ளைப் பிடுங்கும்போது அது எங்கே நின்றது என்று அடையாளம் வைக்கவில்லை, குத்துமதிப்பாகக் குத்திவிட்டு என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். “எண்பதுல போறோம்பா, கெட்டியா பிடிச்சுக்குங்க” என்கிறான், சைக்கிளில் வந்த தபால்காரர் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். எழுதுகிறவளும் இப்போது சிரிக்கிறாள், எழுதம்மா முதலில் என்கிறேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி பிரித்துவிட்டான்.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை, அவள் காரை அவள் விற்கச் சொல்கிறாள், உனக்கு என்னடா வந்தது என்று கேட்டே விட்டேன். தலையைத் தூக்காமல் லெதரைத் தேய்த்துக்கொண்டே, “வித்துட்டா, அக்கா வந்து இறங்குறப்ப எதுலப்பா கூட்டிட்டு வர்றது?” என்றான். நீ முன்னால் இழுத்து வைத்துவிட்டுப் போன சீட்டை அவன் இன்னும் பின்னால் தள்ளவில்லை தெரியுமா, முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்க இடிக்கத்தான் ஓட்டுகிறான். நீ விற்கச் சொன்னது கார் சும்மா நிற்கிறதே என்றா, இல்லை இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்றா. இதை நினைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறேன், உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். உன் அம்மா இருந்திருந்தால் சுற்றி வளைத்துக் கேட்டிருப்பாள், எனக்கு நேராகக் கேட்கத்தான் வரும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, மீட்டருக்குள் வைக்கிற விளக்கு நீலமா மஞ்சளா என்று அக்காவைக் கேளுங்கள் என்றான் தம்பி. வருவதாக இருந்தால் அவனைக் கூப்பிட்டு நிறத்தைச் சொல். வரப்போவதில்லை என்றால் அவனிடம் ஒன்றும் சொல்லாதே, என்னிடம் சொல், நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

எழுத்து மருமகளுடையது, பேச்சு என்னுடையது,
உன் அப்பா.