வெட் சம்ப், டிரை சம்ப், என் தம்பி

செப். 3, புதன்

காலையில் தூறல். சாலையில் நெல் காயவைத்திருந்தவர்கள் படுதாவுக்கு ஓடினார்கள். குறுவை அறுப்பென்றால் மழைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

கல்லூரியில் இரண்டு வகுப்பு. விடைத்தாள் கட்டு அப்படியே இருக்கிறது. தேங்காய், துணி சோப்பு வாங்க மறந்தேன்.

மாலை பாபநாசம், தம்பி இளங்கோவின் கடை. பம்ப்செட், டிராக்டர் உதிரி பாகங்கள். பின்னால் கொட்டகையில் அவன் மகள் யாழினியின் ராலி கார், மண் பாதைப் பந்தயத்துக்கானது. போன வருடம் அவளுடைய முதல் ராலி. நீண்ட இடது வளைவில் ஆயில் பிரஷர் விழுந்து, பேரிங் உருகி, எஞ்சின் போயிற்று. இப்போது வேறு எஞ்சின். அடுத்த மாதம் மேற்கே செம்மண் பாதையில் ராலி.

தம்பியின் நிபந்தனை: இந்த எஞ்சினும் போனால் அத்தோடு சரி. கார் விற்கப்படும். யாழினி கடையில் உட்கார வேண்டும். அவள் ஒத்துக்கொண்டாள். வேறு வழி?

ஆக, தம்பி என்னைக் கேட்டது எண்ணெய் பற்றி: வெட் சம்ப்பா, டிரை சம்ப்பா? மாணவர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னேன். வெட் சம்ப் என்றால் எண்ணெய் எஞ்சினுக்கு அடியில் உள்ள தொட்டியிலேயே கிடக்கும். வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். டிரை சம்ப் என்றால் எண்ணெயை வெளியே இழுத்துத் தனி டாங்கில் வைத்து அங்கிருந்து அனுப்புவது. ஒதுங்க இடமில்லை. ஆனால் கூடுதலாகப் பம்ப், பெல்ட், டாங்க், நீள ஹோஸ்கள். கல் தெறிக்கும் பாதையில் ஒவ்வொன்றும் ஒரு ஆபத்து.

பாதியில் தம்பி, ரேஸ் எஞ்சின் தயார்செய்யும் கோயம்புத்தூர் ட்யூனருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். டிரை சம்ப் விற்பவரே அவர்தான். அவரிடம் என்ன பதில் வரும்? நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "தியரி எல்லாம் கரெக்ட்தான் மேடம். ஃபீல்டு வேற. சார்கிட்ட குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார்.

சார், டிப்ளமோவை இரண்டாம் வருடம் விட்டவர். மேடத்தின் எம்.இ. ஆய்வே பேரிங்குகளில் எண்ணெய்ப் படலம் பற்றியது. ட்யூனருக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதும் கொதிப்பு அடங்கவில்லை.

செப். 5, வெள்ளி

புழுக்கம். கரண்ட் இல்லை.

யோசித்தது. ராலி வளைவுகள் குட்டையானவை. கார் வழுக்கியே திரும்பும். ரேஸ் டிராக் போல ஒரே பக்கம் அழுத்திக்கொண்டே இருக்காது. போன எஞ்சின் தொட்டியில் தடுப்புத் தகடே கிடையாது. மொட்டைத் தொட்டி. எண்ணெய் ஓடாமல் என்ன செய்யும்? தகடும், ஒருபக்கம் மட்டும் திறக்கும் சின்னக் கதவுகளும் வைத்தால் உறிஞ்சு குழாயைச் சுற்றி எப்போதும் எண்ணெய் நிற்கும். அடியில் கல் படாமல் இரும்புக் கவசம்.

எனக்கு வெட் சம்ப் மீது பாசம் ஒன்றுமில்லை. சோதனையில் பிரஷர் விழுந்தால் டிரை சம்ப் போடட்டும். இதைத் தம்பியிடம் அப்படியே சொன்னேன். "சரிக்கா, பாப்போம்" என்றான். "பாப்போம்" அவனிடம் எப்போதும் "மாட்டேன்"தான்.

துறைத்தலைவர் என்னை மறுபடி விழாக் குழுவில் போட்டிருக்கிறார். கோலப் போட்டிக்கு நடுவராம். ஏன் நான்?

செப். 7, ஞாயிறு

வெயில். நானும் யாழினியும் கொட்டகையில். தகடுகள் நான் வரைந்தபடி கும்பகோணத்தில் வெட்டி வந்தவை. ஒன்று சரியாக உட்காரவில்லை, அரம் போட்டு ராவினோம். அவளுக்குக் கை நிதானம். பேச்சு குறைவு. எனக்குப் பிடித்த குணம்.

எண்ணெயை நானே அளந்து ஊற்றினேன். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குச் சரியாக.

தம்பி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தான். "இவ்ளோதானா ஆயிலு?" என்றான். இவ்வளவுதான் என்றேன்.

செப். 10, புதன்

அரை நாள் விடுப்பு. சாலை முழுக்க நெல், அதனால் குடமுருட்டி ஆற்றுக் கரைப் பாதை. மதகுக்கு மதகு ஒரு வளைவு, சோதனைக்கு நல்ல இடம். நான் பக்கத்து சீட்டில், கண் பிரஷர் முள்ளில்.

முதல் ஓட்டம் சரி. இரண்டாவதில் முள் நடுங்கியது. மூன்றாவதில் விழுந்தது. யாழினி உடனே எஞ்சினை அணைத்தாள். எஞ்சினின் காற்றுப்போக்குக் குழாயிலிருந்து எண்ணெய் கக்கி, எஞ்சின் மூடி முழுக்கத் தெறித்திருந்தது.

கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த அறுவடை மிஷின்காரர்கள் எழுந்து வந்தார்கள். "டீச்சர், எங்க மிஷின் ஆயிலு தரட்டுமா? அது விழவே விழாது" என்றான் ஒருவன். சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அங்கேயே வீடியோ எடுத்து ட்யூனருக்கு அனுப்பினான். பதில் உடனே வந்தது: எண்ணெய் ஒதுங்குகிறது, டிரை சம்ப்தான். "அவரு அன்னிக்கே சொன்னாருல்லக்கா" என்றான். யாழினி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வேறு யார் முகம் திருப்பியிருந்தாலும் பரவாயில்லை.

செப். 11, வியாழன்

வகுப்பில் என்ன நடத்தினேன் என்றே நினைவில்லை.

ஒன்று உறுத்துகிறது. எண்ணெய் ஒதுங்கினால் வளைவில் மட்டும் முள் விழ வேண்டும், நேர்ப் பாதையில் ஏற வேண்டும். நேற்று நேர்ப் பாதையிலும் நடுங்கியது. சூடேற ஏற மோசமானது. இது ஒதுங்கல் இல்லை. நுரை. எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது. எப்படி?

கல்லூரி விட்டதும் நேரே பாபநாசம். டிப்ஸ்டிக்கை உருவினேன். மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரம் எண்ணெய். எஞ்சினின் கிராங்க் தண்டு சுற்றும்போது அதிலேயே அடித்து மோர் கடைந்திருக்கிறது. ஓட்டும் முன் நேற்று நான் பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அளந்ததை யார் தொடுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

யாழினியைக் கேட்டேன். இல்லை என்றாள். கடையில் வாடிக்கையாளருக்கு பெல்ட் எடுத்துக்கொண்டிருந்த தம்பியைக் கேட்டேன்.

"நான்தான் ஊத்தினேன். காலைல கடை தொறக்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா."

எதற்காம்? கோட்டுக்கு மேல் ஒரு விரல் நின்றால்தான் எஞ்சின் பிழைக்குமாம். இந்தப் பக்கம் பம்ப்செட் வைத்திருக்கிற அத்தனை பேரும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள். ஆளில்லாமல் விடிய விடிய ஓடும் பழைய எஞ்சின், எண்ணெய் குடிக்கும், தீர்ந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மெதுவாகச் சுற்றும் எஞ்சின் என்பதால் அது தாங்குகிறது. இவ்வளவு வருடமாகக் கடைக்கு வருகிறவர்களுக்கு இவன் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

"எம்புள்ள ஓட்டுற வண்டிக்கா. கம்மியா இருந்துச்சு. மனசு கேக்கல."

வாடிக்கையாளர் தலையாட்டினார். அவரும் அப்படித்தான் ஊற்றுவாராம்.

கத்தியிருப்பேன். கத்தவில்லை. ஊற்றியவன் ஊற்றினேன் என்று நேற்றுக் கரையிலேயே சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லையாம். என் தகடு தப்பு என்பது மட்டும் உடனே தோன்றியது.

செப். 14, ஞாயிறு

நேற்று முழுக்கத் தொட்டியைக் கழற்றி, பேரிங் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கீறல் இல்லை. சீக்கிரம் அணைத்தாள், அதனால் பிழைத்தது. புது எண்ணெய், கோடு வரை. கொட்டகைச் சாவி என் பையில்.

இன்று கரைப் பாதை. ஓட்டிக்கொண்டே இருந்தாள். எல்லா மதகிலும், இரண்டு பக்கமும், எண்ணெய் நன்றாகச் சூடேறும் வரை. முள் நின்ற இடத்தில் நின்றது. தகடு வேலை செய்கிறது. வெட் சம்ப் போதும். முடிந்தது.

முடியவில்லை. தம்பி, எதற்கும் டிரை சம்ப்பே போட்டுவிடலாம், ராலிக்கு அடுத்த வருடம் போகட்டும் என்றான். முள்ளைப் பார்த்தாயா என்றேன். பார்த்தானாம்.

"வண்டி குப்புற வுழுந்தா?" என்றான்.

"வுழுந்தா எந்த சம்ப்பும் காப்பாத்தாதுடா."

"அதத்தானக்கா நான் மொதல்லேர்ந்து கேக்குறேன்."

"கேக்கல. நீ எண்ணெயப் பத்தித்தான் கேட்ட. என்னைய உக்காத்தி வெச்சு, கண்டவன்கிட்டயும் பேச்சு வாங்க வெச்சு, எண்ணெயப் பத்தித்தான் கேட்ட. அதுக்கு பதில் குடுத்தாச்சு."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. அதனால் கோபம் கூடியது. பயமாக இருக்கிறது என்று முதல் நாளே சொல்ல என்ன கேடு? எஞ்சின் மேல் பழியைப் போட்டு, அப்புறம் என் மேல் போட்டு.

யாழினி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "எஞ்சின் போனா நிறுத்திக்கிறேன்னு சொன்னேன்ப்பா. போகல. நான் போறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் எழுந்து கடைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை என்ன கடை?

அக். 9, வியாழன்

வடகிழக்கில் மேகம். சம்பா நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வீட்டு வேலைக்கு வரும் ராணி சொன்னாள். கோலப் போட்டி ஒழிந்தது. பரிசை யாருக்குக் கொடுத்தாலும் சண்டை.

தம்பி மூன்று வாரமாக என்னிடம் நேராகப் பேசவில்லை. எல்லாம் யாழினி வழியாக. வெட் சம்ப் போடச் சொன்னதே தான்தான் என்று ட்யூனர் வேறொருவரிடம் பெருமையடித்தது காதுக்கு வந்தது. போகட்டும் என்று எழுத ஆசை. போகவில்லை.

நாளை விடியலில் ராலிக்குக் கிளம்ப வேண்டும். காரை ஏற்ற வாடகை லாரி பேசியிருந்தோம். இன்று மாலை தம்பி அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டான். சரக்கு ஏற்றும் தன் லாரியைக் கழுவி, பலகை கட்டி, கொட்டகை வாசலில் நிறுத்தியிருக்கிறான். டிரைவர் வேண்டாமாம். அவனே ஓட்டுவானாம். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

நானும் யாழினியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். வண்டி குப்புற விழுந்தால் என்று பயந்தவன், அந்த லாரியில் சீட் பெல்ட்டை எப்போதோ அறுத்துத் தார்ப்பாய் கட்டும் கயிறாக வைத்திருக்கிறான்.