பார்க் ரேடியோவில் என் குரல்

ஜனவரி 10, வியாழன்

விடியற்காலை நல்ல பனி. மார்கழி பஜனைக்குப் போகவில்லை. சனிக்கிழமைவரை தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி பாட்டு வாத்தியார் உத்தரவு. எல்லோரும் தொண்டையை விசாரிக்கிறார்கள். தொண்டைக்குச் சொந்தக்காரனை யாரும் விசாரிப்பதில்லை.

ரேடியோ நிலையத்திலிருந்து அச்சடித்த நிகழ்ச்சித் தாள் வந்தது. சனி மாலை 5-30, சிறுவர் நேரம். மோகன ராகக் கீர்த்தனை: எஸ். சேஷாத்ரி, மயிலாப்பூர். பத்து நிமிஷம். என் பெயர் அச்சில் வருவது இதுவே முதல் தடவை. நாலு முறை படித்தேன். பிழை இல்லை.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். நிபந்தனையை மறுபடி சொன்னார். ரேடியோவில் நன்றாகப் பாடினால் பாட்டு தொடரும். இல்லாவிட்டால் பொங்கல் கழிந்ததும் டைப்ரைட்டிங். அப்பாவுக்குச் சங்கீதம் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

நாளைக்கு: மிளகுப் பால். சித்தரத்தை. வாய் திறக்காமல் இருப்பது. கணக்குப் பாடம் (முடிந்தால்).

ஜனவரி 11, வெள்ளி

காலை சாதகத்தில் மேல் ஸ்தாயிக்குப் போனபோது குரல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று என்னுடையது. மற்றது யாரோ ஒரு மாமாவுடையது. ஜலதோஷம் என்றாள் அம்மா. பனி என்றார் வாத்தியார். வகுப்பில் பக்கத்து பெஞ்சு நாராயணன்தான், "மகரக்கட்டுடா. எங்கண்ணாவுக்கும் மீசை முளைக்கறப்போ குரல் இப்படித்தான் உடைஞ்சுது. இப்போ அவன் பேசினா தெரு நாய் எழுந்து நிக்கறது" என்றான். நாராயணனுக்குப் பொறாமை. மீசை அரும்பியும் அச்சில் பெயர் வரவில்லை.

எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. அம்மா தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லி, பார்க்கில் கம்பத்து ரேடியோவின் கீழே எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு. பாய் எடுத்துப்போவதா, புல்லில் உட்காருவதா என்று விவாதம். முடிவு இல்லை.

ஜனவரி 12, சனி

மேகமூட்டம். எண்ணெய் ஸ்நானம். ஜலதோஷத்துக்கு ஆகாது. ஆனால் சனிக்கிழமையாயிற்றே. பிறகு ஜரிகை வேஷ்டி, சந்தனம், கன்னத்தில் திருஷ்டி மை. ரேடியோவில் என் முகம் தெரியாதே என்றேன். "குரலுக்கும் கண் படும்டா" என்றாள் அம்மா.

வாத்தியார் கூட வருவதாக இருந்தது. பார்க்கில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆள் வேண்டுமென்று அங்கே தங்கிவிட்டார். தனியாகப் புறப்பட்டேன்.

லஸ்ஸில் டிராம். அரை மைல் போனதும் நின்றது. கரண்டு இல்லை. கண்டக்டர், "எறங்கி நடந்துக்கினே போ நைனா. இது எப்போ கெளம்பும்னு எனக்கே தெரியாது. இன்னா, கல்யாணமா?" ரேடியோ என்றேன். "ரேடியோவுக்கா இம்மாம் சந்தனம்?" ஓடினேன். வேஷ்டியில் முழங்கால்வரை சேறு.

ஐந்து மணிக்கு ஒத்திகை. கோட்டு போட்ட நிகழ்ச்சிக்காரர் தலையசைத்தார். பல்லவி சரி. சரணத்தில் எட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அதே இடம். பிடில்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

நிகழ்ச்சிக்காரர் மெதுவாக, "வயசு என்னப்பா?"

"பதினஞ்சு சார்."

"ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கலாம்."

பெஞ்சில் ஒரு பெண், கமலி. பன்னிரண்டு வயது, ரிப்பன். அடுத்த சனிக்கிழமை பாட வேண்டியவள், ஒத்திகைக்கு வந்திருந்தாள். அவளுக்கும் அதே பாட்டு. எனக்குப் பதில் பாடும்படி நிகழ்ச்சிக்காரர் அவளைக் கூப்பிட்டார். வாயிலிருந்த பெப்பர்மின்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு மைக் முன் போய் உட்கார்ந்தாள். பெயரை மாற்றிச் சொல்ல ஆபீசர் கையெழுத்து வேண்டுமாம். ஆபீசர் கிண்டியில், குதிரைப் பந்தயத்தில். ஆகவே அச்சில் உள்ளபடியே அறிவித்தார்கள்: எஸ். சேஷாத்ரி, மயிலாப்பூர்.

கண்ணாடிக்கு இந்தப் புறம் நின்று கேட்டேன். நன்றாகவே பாடினேன்.

திரும்பும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். சொல்ல விடவில்லை. அம்மா வாசலிலேயே மிளகாய் சுற்றிப் போட்டாள். பல்லவியை மூன்றாம் தடவை மாற்றிப் பாடிய சங்கதி தாம் சொல்லிக்கொடுத்தது என்றார் வாத்தியார். அப்படி ஒரு சங்கதியை எனக்கு அவர் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பார்க்கில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அப்பா "என் பிள்ளை" என்றாராம். கண் சிவந்திருந்தது. என் தலைமேல் கை வைத்தார். பூணூல் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தேன்.

"பேசாதே. தொண்டை வீணாப்போகும்."



ஜனவரி 13, ஞாயிறு

போகி. தெரு முழுக்கப் புகை. நிகழ்ச்சித் தாளைக் கிழிந்த பாயோடு நெருப்பில் போட்டேன். அம்மா கையைச் சுட்டுக்கொண்டு எடுத்துவிட்டாள். ஓரம் கருகியது, பெயர் கருகவில்லை. சுவாமி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

டைப்ரைட்டிங் கிடையாது என்று அப்பா அறிவிப்பு. இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. தோசை நன்றாக இருந்தது.

ஜனவரி 15, செவ்வாய்

அப்பா ஆபீஸ் ஹெட்கிளார்க், என் பாட்டைக் கேட்பதற்கென்றே வந்தார். தப்பிக்க வழியில்லை. அதே மோகனம். பல்லவியிலேயே அந்த மாமா வந்துவிட்டார். ஹெட்கிளார்க் காப்பி டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். பனிக்காலம் என்றார். போய்விட்டார்.

"ரேடியோக்காராளுக்குன்னா அப்படிப் பாடறே. ஆத்துலன்னா இளக்காரமா?" என்றார் அப்பா.

சொல்லிவிட்டேன். "அன்னிக்குப் பாடினது நான் இல்லேப்பா. ஒரு பொண்ணு."

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அப்பா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பெத்தவனுக்குப் பிள்ளை குரல் தெரியாதா? பாட இஷ்டமில்லேன்னா சொல்லிடு. பொய் எதுக்கு?"

பாட்டு நின்றது. நின்றது குரலுக்காக அல்ல, நடத்தைக்காக.

ஜனவரி 17, வியாழன்

டைப்ரைட்டிங். காலை ஏழு மணி, லஸ்ஸில் ஒரு மாடி. இடது சுண்டுவிரலுக்குப் பலம் போதாதாம். குரலைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. நாராயணன் கேட்டான். பதில் சொன்னேன். நாய் எழுந்திருக்கவில்லை என்று வருத்தப்பட்டான்.

ஜனவரி 19, சனி

நல்ல வெயில். நாலு நாளாகப் பேசாத அப்பா, மாலையில் பார்க்குக்குக் கூப்பிட்டார். போனோம். கம்பத்தின் கீழே அதே இடமாம், காட்டினார். 5-30. அறிவிப்பு: குமாரி கமலி. அதே மோகனம். அதே குரல். மூன்றாவது சங்கதி அப்படியே. நான் பாட்டைக் கேட்கவில்லை, அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சுமாரா பாடறது. நீ அன்னிக்குப் பாடினதுக்கு உறை போடக் காணாது. கெடுத்துண்டுட்டியேடா."