ஒரு எழுத்தும் மாற்றாமல்

என் செல்ல மகளுக்கு,

நீயும் உன் உடம்பும் உன் வேலையும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா நலம், அத்தை நலம், நானும் நலம்தான், என்னுடையதை மட்டும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், சுவரில் அழுக்கு, சாப்பாட்டில் முடி, என் தலையில் நரை என்று ஒன்று விடாமல் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த ஆபரேஷனை இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்கிறார் அத்தை. உன் கடிதம் கிடைத்தது. மூன்று இடத்தில் எழுத்துப் பிழை. வழக்கம்போலச் சிவப்புப் பேனாவை எடுத்தேன், பிறகு மூடி கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று முழுதும் படித்தால் உனக்கே புரியும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அத்தை தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார், நீயும் நான் மூச்சு விடும் நேரம் பார்த்து சரிம்மா மீட்டிங் இருக்கு என்பாய்.

என் அண்ணன், உன் மாமா, போரில் இறந்தது உனக்குத் தெரியும். காலாட்படையில் சாதாரணச் சிப்பாய். படத்தில் காது இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான். கல்யாணமாகி நாலே மாதத்தில், அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். கிளம்புகிற அன்றைக்கு அத்தை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடியே, போனா போங்க, இங்க யாரும் உங்களுக்காக அழுதுகிட்டு உக்காந்திருக்கப் போறதில்லை என்று சொன்னார். அத்தைக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. அவர் போன பத்தாம் மாதம் இரண்டு பேர் வந்து, போர்முனையில் இறந்துவிட்டார் என்று சொல்லி ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எந்த இடம், எப்படி, ஒன்றும் சொல்லவில்லை.

பழைய ராணுவக் கோப்புகளைக் குடும்பத்தார் கேட்டால் இப்போது காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அத்தை என்னிடம், எங்க, எப்படின்னு மட்டும் பார்த்துச் சொல்லு பாப்பா, உனக்குத்தான் ஆபீஸ் விஷயமெல்லாம் அத்துப்படியாச்சே என்றார். அறுபத்துமூன்று வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் நோயாளிகள் பெயரை எழுதினவள், எனக்கும் கொஞ்சம் மிதப்பு. இரண்டு தடவை அப்பாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் ஆவணக் காப்பகத்து அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, இந்தப் பேர்ல பட்டாளத்துல ஒருத்தரும் இருந்ததில்லையேம்மா என்று திருப்பி அனுப்பிவிட்டார். அத்தையின் பென்ஷன் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தால் முதல் நாளே வேலை முடிந்திருக்கும். அதில் கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் அப்பா பெயர் இருக்கும். ஆபீஸ்காரன் தப்பு என்று நானே இரண்டு தடவை மனு எழுதிப் போட்டவள், தப்பான புத்தகத்தை எதற்குச் சுமப்பது என்று பீரோவிலேயே வைத்துவிட்டுப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. அந்த ஊர் ஆபீஸில் உன்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், முதல் நாள் அப்பாதான் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே. அதை அப்பாவுக்குப் படித்துக்காட்டிச் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிட்டேன். மாமாவைப் பட்டாளத்தில் பதிந்தவன் வேறு பாஷைக்காரன். நம் இனிஷியல் கணக்கு அவனுக்கு என்ன தெரியும். அப்பா பெயரைப் பிள்ளைக்குப் பெயராகப் போட்டு, பிள்ளையின் பெயரைப் பின்னால் ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டான். மறு வாரமே போய் என் அப்பா பெயரைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் கோப்பு மேஜைக்கு வந்துவிட்டது.

மெல்லிய கோப்பு. என்ன பெரிய வீரக் கதை இருக்கப்போகிறது. பாலத்துக்குக் காவல் நின்றது, பூட்ஸ் கடித்துக் காலில் புண் வந்து ஆறு நாள் படுத்தது, தண்ணீர்க் குப்பியைத் தொலைத்துத் திட்டு வாங்கியது. இதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் சணல் கயிறு போட்டுக் கட்டிய உறைகள். பதினாலு. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றிலும் இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று முத்திரை. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. மாமா இறந்த பிறகு, அனுப்பியவர் விலாசம் ஒன்றாக இருக்கிறதே என்று பார்த்து யாரோ ஒரு குமாஸ்தா அந்தக் கோப்பில் கட்டிப் போட்டிருக்கிறார். அதோடு அவர் வேலை முடிந்தது.

உனக்குச் சொல்வதற்கு என்ன. அப்போது வீட்டில் சரளமாக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், மற்றவர்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது என் வேலை. என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிப்பு கிடையாது, அத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். மாமாவின் முதல் கடிதத்தில் விலாசம் கொடுத்து, இதில் உள்ளபடியே எழுதவும் என்று அடிக்கோடு போட்டிருந்தார். அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் விலாசம் எழுதுகிற பாடம், அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், நம் பெயர் பின்னால் முழுதாக. அண்ணனுக்கு இனிஷியல்கூடப் போடத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே என் நோட்டில் திருத்தி வைத்துக்கொண்டேன். பதினாலு கடிதத்துக்கும் விலாசம் அந்த நோட்டிலிருந்துதான்.

மாமா இரண்டாம் கடிதத்தில் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று எழுதினார். மூன்றாவதில், எழுத நேரமில்லை என்றால் பரவாயில்லை, எல்லோரும் சுகமாக இருந்தால் சரி என்றார். அதற்குப் பிறகு எழுதவில்லை. தபால் தாமதம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அத்தை மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டு எழுதினது அவருக்குப் போயிருக்கும், கோபம் தீரலை, வந்ததை வரலைன்னு சொல்றார் என்று அன்றைக்குச் சொன்னவர், ஐம்பத்திரண்டு வருஷமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னும் ஒரு தாள் இருக்கிறது. மாமா இறந்ததைப் பற்றி அவரோடு இருந்த ஒரு சிப்பாய் கொடுத்த வாக்குமூலம். அதன் நகலை இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். அன்றைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் முறை அந்தச் சிப்பாயுடையது. தபால் வந்திருந்தது. எனக்குத்தான் ஒண்ணும் வராதே, நீ உக்காந்து படி, நான் போறேன் என்று வாளியை வாங்கிக்கொண்டு மாமா போயிருக்கிறார். தபால் வருகிற நாளெல்லாம் அவர் அப்படித்தான் போவார் என்றும் அதில் இருக்கிறது. போன வழியில் குண்டு விழுந்தது. இதைப் படித்துவிட்டு அப்பாவோடு பஸ் ஏறினேன். நீ சின்னப் பிள்ளையா இருந்தே, உனக்கென்ன தெரியும் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அடிக்கோடு போட்டிருந்தது எனக்குத் தெரியும்.

இதுவரை முந்தாநாள் எழுதியது. நேற்றுக் காலை, காப்பகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த உறைகளை அத்தை முன்னால் வைத்து, அண்ணி, உங்க கடிதம் ஒண்ணும் அண்ணனுக்குப் போய்ச் சேரலை, நான்தான் விலாசத்தை மாத்தி எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். அழக்கூடாது என்றிருந்தேன், முடியவில்லை. அத்தை ஒவ்வொரு உறையாக எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். கடைசி உறையைக் கீழே வைத்துவிட்டு, அப்ப அவருக்கு என்மேல கோபம் இல்லையா என்று கேட்டார். இல்லை அண்ணி என்றேன். அப்ப நான் எழுதவே இல்லைன்னுல்ல நினைச்சிருப்பார் என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் முதல் உறையைக் கொண்டுவந்து, நீதானே எழுதினே, நீயே படி என்று நீட்டினார். மதிப்பிற்குரிய கணவர் அவர்களுக்கு, அன்று யான் உரைத்த கடுஞ்சொற்களைப் பொறுத்தருளுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன் என்று இருந்தது. அத்தை என்னையே பார்த்தார். இதை நான் சொல்லவே இல்லையே பாப்பா, கோபத்துல சொல்லிட்டேன் வந்துடுங்கன்னுதானே சொன்னேன் என்றார். அதையும் திருத்தியிருக்கிறேன். நல்லவேளை இது அவருக்குப் போகலை, யாரு பொண்டாட்டி எழுதினதுன்னு முழிச்சிருப்பார் என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்படி இறந்தாராம் என்று கேட்டார். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் என்று மட்டும் சொன்னேன். அந்தத் தாள் இந்த வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அதனால்தான் உனக்கு அனுப்புகிறேன். நீயே பத்திரமாக வைத்துக்கொள், அத்தையிடம் போனில் பேசும்போது வாய் தவறிவிடாதே.

நல்ல சாப்பாடாகச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். பல் டாக்டரிடம் போகிறேன் போகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமாவது போ. கிடைத்தது என்று இரண்டு வரி உடனே எழுது, பிழையோடு எழுது, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

பி.கு. உன் விலாசத்தை நீ அனுப்பிய சீட்டைப் பார்த்து, அப்பா பெயர் உன் பெயராக இருப்பது கையை உறுத்தினாலும், அப்படியே எழுதினேன். அத்தை வந்து உறையையும் சீட்டையும் வாங்கிக்கொண்டார். உங்களுக்கு அந்த ஊர் எழுத்து தெரியாதே அண்ணி என்றேன். எழுத்து தெரியாட்டி என்ன, வடிவம் ஒண்ணா இருக்கான்னு பார்க்கத் தெரியாதா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். சரியா இருக்கு, ஒட்டு என்று என்னிடம் கொடுத்தார். நான் ஒட்டவில்லை. அந்த வாக்குமூலத் தாளை வெளியே எடுத்துவிட்டேன். அத்தை இன்னும் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறார், போய்ப் படித்துக்காட்டப் போகிறேன், உள்ளது உள்ளபடியே. அதனால் நான் மேலே சொன்ன தாள் இந்த உறையில் இருக்காது. தேடாதே.