குறுகிய வளைவில்தான் ஆழம்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் நலம். நீயும் குட்டியும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் இருமல் விட்டுவிட்டது. வீடும் கிடைத்துவிட்டது. சமையலறை சின்னது, ஆனால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

உன் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். வழி நெடுக இடுப்பளவுத் தண்ணீர்தான் என்று நான் எழுதியதற்கு, இடுப்பளவில் பயணிகள் படகு எப்படி மிதக்கும், நடந்தே வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஆற்றின் ஆழத்தை அளப்பது என் பிழைப்பு. பழக்கதோஷத்தில் உன்னிடமும் அளந்துவிட்டேன். எங்கள் படகோட்டி அண்ணன், “பொண்டாட்டிகிட்ட பொய் சொல்றதுக்கும் ஒரு கணக்கு வேணும்ப்பா” என்றார். கோபித்துக்கொள்ளாதே. சாலை இல்லாத ஊருக்கு உன்னை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்ற அவசரம்.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன். நீ படகு ஏறும் முகத்துவாரத்தில் எதிர்க்கரையே தெரியாது. குட்டியை இறுக்கிக்கொண்டு நீ கண்ணை மூடப்போவது அங்கேதான். ஆனால் ஆறு கொண்டுவந்த வண்டலெல்லாம் அங்கே கிடக்கிறது. பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. மண்ணை வாரி வழி வெட்டித்தான் படகை விடுகிறார்கள். மேலே வர வர அகலம் குறையும், ஆழம் கூடும். ஓரிடத்தில் பள்ளம், அதைத் தாண்டியதும் மணல்திட்டு. எல்லாம் ஒரே மட்டமாக இருக்கும் என்றுதான் வேலைக்கு வரும்வரை நானும் நினைத்திருந்தேன்.

நம் வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. இருபுறமும் பாறை. இந்தக் கரையில் துணி துவைப்பவர்கள் அந்தக் கரையோடு ஊர்வம்பு பேசுவார்கள். அப்பாடா, வந்துவிட்டோம் என்று நீ மூச்சு விடுவாய். ஆற்றிலேயே ஆழமான இடம் அதுதான். போன வாரம் அங்கே கருவி காட்டிய அளவை நம்பாமல், அது கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினோம். கயிறு தீர்ந்தது. இன்னொன்றை முடிந்து இறக்கிய பிறகுதான் குண்டு தரை தட்டியது. பத்து மாடிக் கட்டடத்தை உள்ளே நிறுத்தினால் மொட்டைமாடிகூடத் தெரியாது. கரை சேரும்வரை நான் படகின் விளிம்பை விடவே இல்லை.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதைக் கடந்த பிறகு யாரோ சொல்லி உனக்குத் தெரிந்தால், அப்புறம் நான் சொல்லும் எதையும் நம்பமாட்டாய். பயணிகள் படகு மிதக்க ஓர் ஆள் ஆழம் போதும். அதற்குக் கீழே எவ்வளவு கிடந்தாலும் படகுக்கு ஒன்றுதான். படகோட்டி அண்ணனின் மனைவி சந்தைக்குப் போக வர அந்த வழியில்தான் தூங்கிக்கொண்டே போகிறார்.

குட்டி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். நான் கிளம்பியபோது கவிழ்ந்து படுக்கத்தான் தெரியும். பயம் தெளிந்த பிறகு வருகிறேன் என்று இருக்காதே. அந்த வளைவில் எனக்கே இன்னும் தெளியவில்லை. பயந்துகொண்டே வந்துவிடு.

உங்கள் இருவருக்காகவும் படகுத்துறையில் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்