உன் மீன்கள் சுகம்

பாப்பாரப்பட்டி
10-7-1986

அன்புள்ள மகன் ஸ்தனிஸ்லாஸுக்கு அம்மா எழுதிக்கொண்டது. மாதாவின் கிருபையால் உன் மீன்கள் சுகம். ஆரஞ்சு மீன் இரண்டும் சுகம், நீல மீன் சுகம், கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கடல் சாமந்தியும் இன்றைக்கு நன்றாக விரிந்திருக்கிறது. நீ முதலில் தேடுவது அந்தச் சேதியைத்தானே, அதனால் அதையே முதலில் எழுதிவிட்டேன். நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். உன் பெண்டாட்டி மேரி சுகமா என்று நீ கேட்கவில்லை, அதனால் அவள் சேதி பிறகு.

நேற்று வந்த உன் கடிதத்தை உன் அப்பாதான் உரக்கப் படித்தார். உப்பளவு பார்க்கிறாளா, தண்ணீர் மாற்றுகிறாளா, கண்ணாடியில் பாசி துடைக்கிறாளா, ட்யூப்லைட்டை நேரத்துக்கு அணைக்கிறாளா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு இருக்கிறவளைப் பற்றிப் புருஷன் எழுதுகிற கடிதமா அது? பஹ்ரைனில் உன் அரபி முதலாளி உன்னை வேலை வாங்குகிற மாதிரி நீ இவளை வாங்குகிறாய். கடைசியில் ஒரு வரி, மேரியை இப்போதே அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அனுப்பினால் போதும், மீன் தொட்டியை அவளைப்போல் வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று. அதைப் படித்ததும் உன் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பெற்றவள் வீட்டுக்கு அனுப்புவது இந்த ஊரில் எல்லா சாதிசனமும் செய்வதுதான், மீனுக்காக அதை நிறுத்தச் சொன்ன முதல் ஆம்பிளை நீதான். அங்கே முதலாளி வீட்டு மீன் தொட்டியைத் துடைத்துத் துடைத்து உன் மூளையும் உப்பில் ஊறிப்போயிற்றா?

இங்கே நடந்ததைக் கேள். நீ லீவில் வந்தபோது வேளாங்கண்ணிக்குப் போன பங்கு வேனில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாய். தூத்துக்குடி போய்ப் பவளக்கல்லும் மீனும் கொண்டுவந்து, மோட்டார் வைத்து, முன் அறையையே கடலாக்கிவிட்டு, இது வேளாங்கண்ணிக் கடல் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் பிளேன் ஏறிவிட்டாய். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து நம் மடியில் விட்டாய். நம் சனத்துக்கு வேளாங்கண்ணி என்றால் சும்மாவா? பின் தெரு குள்ளம்மாளுக்குக் கையெல்லாம் மரு. குளத்தில் உப்பும் மிளகும் போட்டால் உப்பு கரைகிறபோது மருவும் கரையும் என்பார்களே, அவள் குளத்துக்குப் போகாமல் நம் வீட்டுக்கு மீன் பார்க்க வருகிற சாக்கில் வந்து, மாதாவை வேண்டிக்கொண்டு தொட்டிக்குள் ஒரு கை உப்பும் மிளகும் போட்டுவிட்டாள். அவள் நேரம், மருவும் உதிர்ந்துவிட்டது. மாதா தண்ணிங்கக்கா, கைமேல பலன் பாருங்க என்று என்னிடமே வந்து கையை நீட்டிக் காட்டினாள். அன்றைக்குத்தான் எனக்கே விஷயம் தெரியும். அதற்குள் பாதி ஊர் வந்து போட்டுவிட்டுப் போயிருந்தது. கும்பிட வருகிறவளைக் கழுத்தைப் பிடித்தா தள்ள முடியும்?

பால் சொசைட்டியில் பாலுக்கு விட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி உப்பளவு பார்க்க நீ கொடுத்த கண்ணாடிக் குழாயை மேரி விட்டுப் பார்த்தால் அது கோட்டைத் தாண்டி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. சாமந்தி சுருங்கிப்போயிற்று, பவளக்கல் வெளுத்துப்போயிற்று. அவளுக்கு உயிரே போய்விட்டது. உப்புத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட்டு மழைத் தண்ணீர் விட வேண்டும் என்று நீதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பல்லைக் காவியாக்கும், அது மீனுக்கு ஆகாது என்று மழைத் தண்ணீரைத் தவலையில் பிடித்து மூடி வைக்கச் சொன்ன மகராசன் நீ. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம், உன் பெண்டாட்டியும் குடிக்கிறாள், அவள் வயிற்றில் இருப்பதும் குடிக்கிறது. அதைப் பற்றி எந்தக் கடிதத்திலாவது ஒரு வார்த்தை எழுதினாயா?

போன வாரம் நான் காட்டில் கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவள் ஒண்டியாகக் குடம் குடமாகத் தூக்கியிருக்கிறாள். சிந்திய தண்ணீரில் கால் வழுக்கிக் குடத்தோடு விழுந்தாள். நான் வந்து பார்க்கும்போது சேலையில் ரத்தம். தூக்கி உட்கார வைத்தால் அவள் என்ன கேட்டாள் தெரியுமா, தொட்டிக்கு ஒண்ணும் ஆகலியே அத்தை, அவரு கேப்பாருங்க என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கே கிடந்த உலக்கையால் அந்தக் கண்ணாடியை ஒரே போடாகப் போட்டிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கார் வைத்துக் கொண்டுபோனோம். பிள்ளை தப்பியது மாதா புண்ணியம். இனிமேல் ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து படுத்திருக்கும்போதுதான் உன் கடிதம் வருகிறது, கண்ணாடியில் பாசி துடைத்தாளா என்று.

இன்று காலையில் கம்பைநல்லூரிலிருந்து சம்பந்தியம்மா ரோசம்மாள் வந்தாங்க. உன்னைக் கேட்காமல் நானே வளையல் போட்டு, காரில் படுக்க வைத்து அனுப்பிவிட்டேன். சம்பந்தியம்மா தொட்டியை ஒருமுறை பார்த்தாங்க, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நான் தலை குனிந்தேன், நீயும் அங்கே குனிந்துகொள். கார் புறப்படும்போது மேரி கதவுக் கண்ணாடியை இறக்கி, கரண்டு போச்சுன்னா சொம்புல மொண்டு ஒசரத்துல இருந்து ஊத்துங்க அத்தை, இல்லாட்டி மீனுக்கு மூச்சு முட்டிப்போயிரும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அதைக் கேட்டு அழுவதா, அவளை அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் கரண்ட் போயிற்று. நான்தான் நின்று ஊற்றினேன், ஒவ்வொரு சொம்புக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே ஊற்றினேன். உன் மீனுக்காக என்று நினைக்காதே. பிள்ளையும் கையுமாகத் திரும்பி வருகிறவள் மீன் செத்துக் கிடப்பதைப் பார்த்தால், நான் இல்லாமல் போய்விட்டேனே என்று தன்னைத்தான் நொந்துகொள்வாள், உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டாள். அப்படிப்பட்ட வாயில்லாப் பூச்சி அவள். அதற்காக ஊற்றுகிறேன். தொட்டிக்கு மேல் உன் அப்பா பலகை மூடி அடித்துப் பூட்டுப் போட்டுவிட்டார், சாவி என்னிடம், இனி எந்த மருவும் இங்கே கரையாது.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போ. ஞானஸ்நானத்துக்கு லீவு கேள். பிள்ளையைப் பார்க்க வருவதானால் வா, தொட்டியைப் பார்க்க வருவதானால் வராதே. தேவமாதா உன்னைக் காப்பாற்றி உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

கம்பைநல்லூர் விலாசம் உன்னிடம் இருக்கிறது. அவளுக்கு இன்றைக்கே கடிதம் எழுது, அதில் மீன் என்ற சொல்லே வரக் கூடாது. மேரி சுகமா என்று என்னைக் கேட்டு எழுதாதே, நான் பதில் போட மாட்டேன். அவளைக் கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
மிக்கேலம்மாள்