மூன்றாவது கையெழுத்து

இன்று காலை பரளச்சியிலிருந்து ஒரு சாக்கு மிளகாய் வற்றல் வந்து இறங்கியது. வாசலில் பிரித்ததுமே நெடி ஏறி, நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறித் தும்மினோம். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் எங்கள் இருவரையும்விடச் சத்தமாகத் தும்மியிருப்பாய். தும்மலோ சிரிப்போ, எதையும் அடக்கமாகச் செய்ய உனக்குத் தெரியாது. நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. உன்னோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும்போல் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் அருப்புக்கோட்டையில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை, இவருக்கு மில்லில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான்கு வாடகை வீடு மாறியிருந்தோம். பலசரக்குக் கடை அண்ணாச்சி மதுரையில் மகனோடு போய் இருக்கப்போகிறார், வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டு அறை, பின்னால் ஒரு கிணறு. சித்திரையிலும் அதில் தண்ணீர் கிடந்தது. நம் ஊரில் அதற்கு மேல் என்ன வேண்டும்? முன்பணம் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் கிரையம் முடிப்பதாக ஒப்பந்தம் எழுதினோம். மீதிக்கு வங்கிக் கடன். வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்னால், விற்கிறவருக்கு அதை விற்கும் உரிமை இருக்கிறது என்று வங்கியின் வக்கீல் எழுதித் தர வேண்டும்.

அந்த வக்கீல் நீதான் என்று தெரிந்ததும் பாதி வீடு கைக்கு வந்துவிட்டதாக நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தூக்குச்சட்டியில் பாதியைத் தின்றவள் ஆயிற்றே.

சைக்கிள் கடை மாடியில் இருந்த உன் அறைக்குக் காகிதங்களோடு வந்தேன். அண்ணாச்சியின் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. அவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். அம்மா அவருக்கு முன்னாலேயே போய்விட்டார். வாரிசுச் சான்றில் அண்ணாச்சியும் அவர் தம்பியும் மட்டும் இருந்தார்கள். வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தாய்.

"தாளு எல்லாம் சரியாத்தான் இருக்கு. வீட்ட ஒரு எட்டு பாத்துட்டு எழுதிருவோம்" என்றாய்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணாச்சி வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டாய். அவர் மனைவி பித்தளைச் சொம்பில் கொண்டுவந்தார். அண்ணாந்து குடித்தவள், பாதியில் நிறுத்தி, சொம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயரைப் படித்தாய்.

"சந்திரா யாருக்கா?"

அந்த அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அண்ணாச்சிதான், "அது அப்பா காலத்துல வாங்குன பாத்திரம்" என்றார்.

"பாத்திரத்தக் கேக்கல அண்ணாச்சி. பேரக் கேக்குறேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தங்கச்சி என்றார். கிறிஸ்தவரான ஒரு தச்சுவேலைக்காரரைக் கட்டிக்கொண்டு போய் இருபது வருடம் ஆகிறது என்றார். "வேதத்துக்குப் போயிட்டா. எங்களுக்கு அவ கெடையாது. பங்கும் கெடையாது."

"வேதத்துக்குப் போனா மக இல்லேன்னு ஆயிருமா? அப்பா சொத்துல உங்களுக்கு எம்புட்டோ, அவுகளுக்கும் அம்புட்டு" என்றாய். குரலை உயர்த்தவில்லை. மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தாய்.

தெருவுக்கு வந்ததும் உன்னோடு சண்டை பிடித்தேன். அந்தச் சண்டையை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "அந்தச் சொம்பப் பாக்காத மாதிரி எழுதிக் குடுத்துரு. வங்கிக்காரனுக்குத் தெரியவா போகுது?" என்றேன்.

கிளப்பிய மொபெட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "நாளைக்கு அவ வந்து கதவத் தட்டுவா. எனக்கும் இதுல பங்கு இருக்குன்னு சொல்லுவா. நீ என்ன சொல்லுவ?"

நான் ஒரு வாரம் உன்னிடம் பேசவில்லை. எட்டாம் நாள் நீயே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாய். "ஏ புள்ள, சனிக்கிழமை பரளச்சிக்குப் போறோம். இட்லி கட்டிக்கிட்டு வந்துரு." முகவரியை அண்ணாச்சியின் மனைவி ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தோம். கரிசல் வெடித்துக் கிடந்தது. சந்திரா தன் வீட்டுக் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன காரியத்தைச் சொல்ல விடாமல் தும்மல் உன்னைப் பிடித்துக்கொண்டது. ஒன்பது, பத்து என்று அவள் பிள்ளைகள் எண்ணினார்கள். சந்திரா மோர் கொண்டுவந்தாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் விஷயத்தை எடுத்தாய்.

நான் எதிர்பார்த்தபடி நீ பேசவில்லை. "அந்த வீட்டுல மூணுல ஒரு பங்கு ஒங்களோடது. சும்மா விட்டுக் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. வேற வக்கீலக் கேட்டுக்கிட்டும் முடிவு பண்ணலாம்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் யாருக்கு வக்கீல்?

சந்திரா வெகுநேரம் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தாள். "கையெழுத்துப் போடுறதுக்கு என்ன, போடுறேன். ஆனா எங்கண்ணன் வந்து கேக்கணும். வக்கீல விட்டுக் கேக்கக் கூடாது."

திரும்பும்போது பஸ்ஸில் நான் அழாத குறை. ஒப்பந்தக் கெடுவுக்கு இன்னும் மூன்று வாரம்தான். அண்ணாச்சி அங்கே போவாரா? நீயோ ஜன்னலோரம் உட்கார்ந்து மிச்ச இட்லியைத் தின்றுகொண்டு வந்தாய்.

மறுநாள் கடையில் வியாபாரம் ஓயும்வரை காத்திருந்து அவரிடம் சொன்னாய். "கையெழுத்து வாங்கப் போறீகளோ, தங்கச்சியப் பாக்கப் போறீகளோ, அது ஒங்க இஷ்டம் அண்ணாச்சி. ரெண்டுக்கும் ஒரே பஸ்ஸுதான்."

அவர் தராசுத் தட்டைத் துடைக்கத் திரும்பினார். எட்டு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை கடை பூட்டிக் கிடந்தது. ஊரே யாருக்கு என்னவோ என்று விசாரித்தது. செவ்வாய்க்கிழமை திறந்தபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பூசணிக்காய் இருந்தது. "தங்கச்சி குடுத்து விட்டா" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருத்திய வாரிசுச் சான்று வந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பத்திரப் பதிவு. மூவருக்கும் சமபங்கு என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். சந்திரா தன் வீட்டுக்காரரோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்திருந்தாள். பிள்ளைகள் மாமா வாங்கிக் கொடுத்த இனிப்புச் சேவு வாயெல்லாம் அப்பியிருக்க நின்றார்கள். அண்ணாச்சியும் தம்பியும் கையெழுத்துப் போட்ட பிறகு, தன் முறை வந்தபோது அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"இனிஷியலு அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா?" என்று குமாஸ்தாவைக் கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி, "அப்பா பேரு போடு ஆத்தா" என்றார். அவள் போட்டாள். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமாக மூக்கைச் சிந்தினாய்.

அந்த வாரமே வங்கியில் அடமானக் காகிதம். அதில் பன்னிரண்டு பக்கம். மேலாளர் கையெழுத்துக்காகப் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டினார். நீ என்னை ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்கவைத்தாய். "தவணை தவறுனா என்ன செய்வாக? முன்னக்கூட்டியே அடச்சா பத்திரம் எப்பத் திரும்பும்?" என்று நீ கேட்கக் கேட்க அவர் விசிறியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் காபி சொன்னார். பால்காய்ப்பு அன்று நீதான் முதல் ஆளாக அடுப்படித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இது வில்லங்கம் இல்லாத தரை, குளுகுளுன்னு இருக்கு என்றாய்.

யாருக்கு வக்கீல் நீ என்று ஒருநாள் கேட்டே விட்டேன். யோசித்துப் பார்த்து, "அந்த வீட்டுக்குன்னு வச்சுக்கயேன்" என்றாய்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவில் யார் இடம் வாங்கினாலும் விற்றாலும் காகிதத்தை என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சட்டம் தெரியாது என்று சொன்னாலும் விடுவதில்லை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: கூடப் பொறந்தவுக எத்தன பேரு? பலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சிலர் வாயடைத்துப் போவார்கள். போன மாதம் ஒரு பையன் அப்படித்தான் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவசரப்படுத்தவில்லை. டீ ஆறிப்போனதும் வேறு டீ போட்டுக் கொடுத்தேன். கடைசியில், "ஒரு அக்கா இருக்காக" என்றான்.

எனக்கு அத்தனை பொறுமை ஏது? அது உன்னுடையது.